திரையில் 80, முழங்காலில் 97

தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக 32 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஈரோட்டில் மஞ்சள் மண்டித் தராசு, பொள்ளாச்சியில் கொப்பரை லாரி ஏறும் எடைமேடை, கோவையில் பெட்ரோல் பங்கு, நகைக்கடைத் தராசு, ஆட்டோ மீட்டர் என்று கை வைக்காத கருவி குறைவு. 2019இல் ஓய்வு பெற்றேன். போன ஐப்பசி அடைமழையில், என் வீட்டு மாடியிலேயே ஒரு கருவி என் முன்னால் வந்து நின்றது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் மகள் சைக்கிள் ஓட்டுபவள். ஞாயிறு விடிகாலை வடவள்ளி வழியாக மருதமலை அடிவாரம் வரை போய்வரும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. சென்ற வருஷம் ஒரு திருப்பத்தில் மணலில் சறுக்கி விழுந்தாள். முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. நாலு மாதம் கழித்து பிசியோதெரபிஸ்ட் அம்மா, சைக்கிள் மிதிக்கலாம், ஆனால் ரோட்டில் வேண்டாம், வீட்டுக்குள் மிதியுங்கள் என்றார். சீட்டில் எழுதியும் கொடுத்தார்: தினம் 20 நிமிடம், 80 வாட்டுக்கு மேல் போக வேண்டாம்.

அதற்காக வாங்கியதுதான் டிரெய்னர். சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டி, டயரை ஓர் எஃகு உருளையின் மேல் அழுத்தி வைப்பார்கள். மிதித்தால் சக்கரம் உருளையைச் சுற்றும். உருளையோடு ஒரு கனமான சுழல்சக்கரமும் காந்த பிரேக்கும் இருக்கும். எத்தனை வாட் மிதிக்கிறோம் என்பது ப்ளூடூத் வழியாக மொபைல் திரையில் வரும். பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேராகக் கருவியில் மாட்டும் வகையும் உண்டு. அது நுட்பமானது, விலையும் மிக அதிகம். நாங்கள் வாங்கியது டயரில் ஓடுவது.

வாட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 8 கிலோ எடைக்கல்லை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், தோராயமாக 80 வாட். நொடிக்கு ஒரு தரம் என்று 20 நிமிடம் விடாமல் தூக்கிக்கொண்டே இருப்பதாக நினைத்துப் பாருங்கள். அறுத்துத் தைத்த காலுக்கு அது சின்ன வேலை இல்லை.

ஐந்தாவது வாரத்தில் மூட்டு வீங்கியது. பிசியோ அம்மா, "சொன்ன அளவைத் தாண்டினீங்களா?" என்று கேட்டார். மகள் மொபைலைக் காட்டினாள். ஒரு நாளும் 80ஐத் தாண்டவில்லை. ஐஸ் ஒத்தடம் கொடுத்து, ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். வாரம் முடிந்து அவள் மறுபடி ஏறிய அன்று சாயங்காலம் நான் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து குரல் கேட்டது: "மறுபடியும் ஃபெயிலுங்கப்பா!"

"என்ன கண்ணு ஃபெயிலு?"

"கேலிப்ரேஷனுங்கப்பா. மூணு தடவை பண்ணிட்டேன். விடுங்க, ஸ்கிப் பண்ணிட்டு ஓட்டிக்கறேன்."

காதில் விழுந்ததும் எழுந்து மாடிக்குப் போனேன். கேலிப்ரேஷன் தோற்றது என்று கருவியே சொல்கிறது. சொல்லிவிட்டு, அதைத் தவிர்த்துவிட்டு ஓட்டலாம் என்று பக்கத்திலேயே ஒரு பட்டனும் கொடுக்கிறது. அந்தப் பட்டனை அழுத்தினால் எண்கள் வழக்கம்போல அதே வெளிச்சத்தில், அதே பெரிய எழுத்தில் ஓடத் தொடங்குகின்றன. அந்த எண் சரிபார்க்காத எண் என்பதற்குத் திரையில் ஓர் அடையாளமும் இல்லை. முத்திரை இல்லாத தராசைக் கடை வாசலில் வைத்து வியாபாரம் செய்தால் பறிமுதல் செய்திருப்போம். இங்கே என் பெண்ணின் கால் அந்தத் தராசில் ஏறிக்கொண்டிருந்தது.

"கடைசியா எப்ப பாஸ் ஆச்சு?" என்றேன். வாங்கிய அன்று, மாட்டிக் கொடுக்க வந்த பையன் செய்தானாம். ஆறு வாரம் ஆகிவிட்டது. அந்த ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் எண் ஓடியிருக்கிறது.

இந்த வகை டிரெய்னர் பெரும்பாலும் வாட்டை நேராக அளப்பதில்லை என்பது அன்றைக்குக் கையேட்டைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது அதற்குத் தெரியும். காந்த பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரியும். இந்த வேகத்துக்கு இந்த பிரேக்கில் இத்தனை வாட் என்று உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் டயர் உருளையில் நசுங்கி உருளும்போது தின்னும் சக்தி அதற்குத் தெரியாது. டயருக்கு டயர், காற்றுக்குக் காற்று, அழுத்தத்துக்கு அழுத்தம் அது மாறும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கேலிப்ரேஷன். ஒரு வேகம் வரை மிதிக்கச் சொல்லும், சில கருவிகளில் 30 கிலோமீட்டர், சிலவற்றில் 37. அந்த வேகம் வந்ததும் மிதியை நிறுத்திவிட வேண்டும். சக்கரம் தானாக ஓய்ந்து நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும். சுழல்சக்கரத்தில் எவ்வளவு சக்தி சேர்ந்திருக்கும் என்பது கம்பெனிக்குத் தெரிந்த விஷயம். ஆகவே ஓய்வதற்கு ஆகும் நேரத்திலிருந்து டயர் எவ்வளவு தின்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நல்ல யோசனை. செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அன்றைய டயர், அன்றைய காற்று, அன்றைய அழுத்தம் மாறிவிட்டால் கணக்கும் போயிற்று.

எனக்கு உடனே ஆட்டோ மீட்டர்தான் நினைவுக்கு வந்தது. மீட்டரும் தூரத்தை நேராக அளப்பதில்லை, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித் தூரமாக்கிக் காட்டுகிறது. டயர் தேய்ந்தாலோ, காற்று இறங்கினாலோ, வேறு அளவு டயர் போட்டிருந்தாலோ, ஒரே தூரத்துக்குச் சுற்று கூடும், பயணி கொடுக்கும் காசும் கூடும். சோதனைக்கு வரும் டிரைவர்களிடம், மீட்டரைத் தொடுமுன் நான் சொல்லும் முதல் சொல், "போய் காத்து பார்த்துட்டு வாங்க." சிலர் முகம் சுளிப்பார்கள். மீட்டரைப் பார்க்க வந்த ஆபீசர் டயரை ஏன் பார்க்கிறார் என்று. மீட்டரின் பாதி டயருக்குள்தான் இருக்கிறது.

மகளின் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். நெகிழ்ந்தது. நண்பர் வீட்டிலிருந்து முள் வைத்த அடிபம்பு வாங்கிவந்து பார்த்தால் 52 பிஎஸ்ஐ. மாட்டிக் கொடுத்த பையன் 90 வைத்திருந்தானாம். அதற்குப் பிறகு யாரும் காற்றே அடிக்கவில்லை. இந்த ரேஸ் சைக்கிள் டியூப் மெல்லியது, நின்ற இடத்திலேயே நாளுக்குக் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். வால்வும் நம் ஊர் சைக்கிள் வால்வு இல்லை. குச்சியாக, நுனியில் ஒரு சின்னத் திருகோடு இருக்கும். எங்கள் தெரு முனைக் கடையில் அதற்குப் பம்பு வாய் கிடையாது. அதனாலேயே அவள் தள்ளிப்போட்டிருக்கிறாள். ரோட்டில் ஓட்டினால் காற்று இறங்கியதை உடம்பு உணர்ந்துவிடும். வீட்டுக்குள் அசையாமல் நிற்கும் சைக்கிளில் அது தெரியாது.

காற்று இறங்கியது மட்டுமென்றால் பிழை இந்த அளவுக்குப் போயிருக்காது. டயர் நழுவுகிறது என்று உருளையை அழுத்தும் குமிழை அவள் தினம் கொஞ்சம் முறுக்கியிருக்கிறாள். டயர் உருளையைத் தொட்டபின் இரண்டு சுற்று என்று அந்தக் கையேட்டில் படம் போட்டிருக்கிறது. நான் தளர்த்திக்கொண்டே வந்து எண்ணினேன். நாலரைச் சுற்று இருந்தது. உருளைக்குக் கீழே தரையில் கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி படிந்திருந்தது. டயர் ஏன் நழுவியது என்று அதன் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது ஒரு பக்கம் மினுமினுத்தது. செயினுக்கு ஆயில் விட்டபோது தெறித்த துளிகள். ஒரு துணியில் ஸ்பிரிட் நனைத்து டயரையும் உருளையையும் துடைத்தேன். துணி கறுத்துப் போனது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று காரணங்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்திருக்கின்றன. ஆயில் தெறித்ததால் நழுவல், நழுவலுக்காக முறுக்கல். காற்று இறங்க இறங்க இன்னும் நழுவல், இன்னும் முறுக்கல். ஒவ்வொரு முறுக்கலுக்கும் டயர் தின்னும் சக்தி கூடிக்கொண்டே போயிருக்கிறது. கருவியோ, ஆறு வாரத்துக்கு முந்தைய நல்ல டயரை நினைத்துக்கொண்டு, 80 என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தெரியாமல் டயர் வாங்கிக்கொண்ட மிச்ச வாட்டும் என் மகளின் காலிலிருந்துதான் போயிருக்க வேண்டும். மூட்டு வீங்கியதற்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. எண் பொய் என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

சக்கரத்தைக் கருவியிலிருந்து கொஞ்சம் விலக்கிக் கையால் சுற்றிவிட்டேன். சுற்றுக்கு ஒரு தரம் 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. விழுந்த அன்றே ரிம் லேசாகக் கோணியிருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் பிரேக் கட்டை உரசுகிறது. மறுநாள் காந்திபுரத்தில் ஒரு பழைய சைக்கிள் கடைக்காரர் ஸ்போக் சாவி வைத்து, பத்தே நிமிடத்தில் கோட்டம் எடுத்துவிட்டார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "பாப்பா கால் நல்லாகட்டும் சார்" என்று காசு வாங்க மறுத்தார்.

அதற்கும் பிறகு ஒரு தொல்லை வந்தது. மொபைலில் கருவியே தெரியவில்லை. அரை மணி நேரம் அணைத்துப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்த டேப்லெட் அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கருவிகள் பல, ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும். டேப்லெட்டில் ப்ளூடூத்தை அணைத்ததும் சரியாயிற்று.

வீக்கம் முழுக்க வடியும்வரை மகள் கேலிப்ரேஷனுக்கு வேகமாக மிதிக்கக் கூடாது. என் அக்கா பேரனைக் கூப்பிட்டோம். என்ஜினீயரிங் மாணவன், கால் பலம் உள்ளவன். ஏறியவுடன் வேகம் பிடித்து, மிதியை நிறுத்தியதும் பழக்கத்தில் பிரேக்கையும் பிடித்துவிட்டான். தோற்றது. "தொடாதே கண்ணு, அதுவா நிக்கட்டும்" என்று மறுபடி செய்யச் சொன்னோம். இந்தத் தரம் தேறியது. ஆனால் எனக்குத் திருப்தியில்லை. டயர் குளிர்ந்திருந்தது.

எலெக்ட்ரானிக் தராசைச் சோதிக்கும்போதும் சுவிட்ச் போட்டவுடன் எடை வைக்க மாட்டோம். கொஞ்ச நேரம் சூடாக விட்டுத்தான் தொடங்குவோம். டயருக்கு அது இன்னும் பொருந்தும். உருளையில் ஓட ஓட ரப்பர் சூடாகி இளகும், உள்ளே காற்றழுத்தம் கூடும், டயர் தின்னும் சக்தி குறையும். குளிர்ந்த டயரில் கணக்கெடுத்துவிட்டால், பதினைந்து நிமிடம் கழித்து அந்தக் கணக்கு தப்பு. இப்போது எண் எதிர்ப்பக்கம் சாயும், மிதிப்பதைவிட அதிகமாகக் காட்டும். நல்ல வேகம் எடுத்துவிட்டோம் என்று சந்தோஷப்படுகிற எத்தனையோ பேர் டயர் சூடாவதைத்தான் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பேரனைக் கால் மணி நேரம் சும்மா மிதிக்கச் சொல்லி, அதன் பிறகு எடுத்தோம்.

ஒரு தரம் எடுத்தால் போதாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. ஒரே எடைக்கல்லைத் திரும்பத் திரும்ப வைத்து, திரும்பத் திரும்ப அதே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று தரம் எடுத்தோம். சக்கரம் ஓய 11.8, 12.1, 12.0 நொடிகள். பழைய நிலையில் தோற்றபோது ஏழு நொடிக்குள் நின்றிருக்கிறது, கருவி அதை ஏற்க மறுத்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கருவி சொன்னதில் முழு உண்மை அந்த மறுப்பு ஒன்றுதான். அதைத்தான் என் பெண் தொந்தரவு என்று நினைத்தாள். குறை அவள் மேல் இல்லை. தோற்றது என்று மட்டும் சொல்லிவிட்டு, காற்றைப் பார், குமிழைப் பார், டயரைத் துடை என்று அது சொல்லவில்லை.

மூன்று முறையும் ஒரே எண் வருவது வேறு, அந்த எண் சரியாக இருப்பது வேறு. ஒரே மாதிரி தப்பாக நிறுக்கும் தராசுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியா என்று தெரிய, அதைவிடச் சரியான ஒன்றோடு ஒப்பிட்டாக வேண்டும். கடைக்காரரின் எடைக்கல்லை நாங்கள் கொண்டுபோகும் நிர்ணயக் கல்லோடு ஒப்பிடுவோம். எங்கள் கல்லைத் துறையின் ஆய்வுக்கூடக் கல்லோடு ஒப்பிடுவார்கள். அது மேலே மேலே போய், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 57ஆம் எண் இட்ட கிலோகிராம் வரை எட்டும். நான் ஓய்வு பெற்ற 2019ஆம் வருஷம், மே 20ஆம் தேதிதான் உலகம் முழுக்கக் கிலோகிராமுக்கு வரையறையே மாறியது. பாரிஸ் அருகே வைத்திருந்த உலோகக் கட்டியிலிருந்து இயற்கையின் ஒரு மாறிலிக்கு மாற்றினார்கள். அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியாக இருந்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மகளின் சைக்கிள் கூட்டத்தில் ஒருவரிடம் வாட் அளக்கும் பெடல் இருந்தது. அது கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. பாதம் அழுத்தும்போது உலோகம் வளையும் வளைவையே அளக்கிறது. இரவல் வாங்கி மாட்டினோம். முதலில் அதற்கும் சுழி பார்த்துக்கொண்டோம். பிறகு வேண்டுமென்றே பழைய நிலைக்குத் திருப்பினேன். பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள வழியில்லை என்பதால், நல்ல நிலையில் எடுத்த புதுக் கணக்கின் மேல், காற்றை 52க்கு இறக்கி, குமிழை நாலரைச் சுற்று முறுக்கி, பேரனை மிதிக்கச் சொன்னேன். திரையில் 80 நின்றபோது பெடல் 97 என்றது.

மறுபடி 90 பிஎஸ்ஐ, இரண்டு சுற்று, கால் மணி நேரச் சூடு, புதுக் கேலிப்ரேஷன். திரை 80, பெடல் 83. செயினிலும் பல்சக்கரத்திலும் கொஞ்சம் சக்தி போகும் என்பதால் பெடல் இரண்டு மூன்று வாட் கூடக் காட்டுவது நியாயம்தான். இந்த வகைக் கருவிகளுக்குக் கம்பெனிகளே சொல்லிக்கொள்ளும் பிழை 3 முதல் 5 சதவீதம். அதற்குள் வந்துவிட்டது. மலிவுக் கருவி என்று யாரும் அதைத் தள்ள வேண்டியதில்லை. நல்ல கருவிதான், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

97க்கு 80 என்றால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு பிழை. பெட்ரோல் பங்கில் 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்து 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்தக் குழாயில் விற்பனையை நிறுத்திவிடுவோம். அது அரை சதவீதம். கடைக்காரர் கூடுதலாக நிறுத்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு லாபம் என்று விட்டுவிடலாம். தையல் போட்ட மூட்டுக்குக் கூடுதலாக நிறுத்துக் கொடுக்கக் கூடாது.

உடற்பயிற்சிக்கு வாங்கிய சாமானுக்கு இத்தனை கெடுபிடியா என்று என் தம்பியே கேட்டான். பந்தயக்காரர்கள் இதைவிடக் கெடுபிடி என்பது என் மகள் சொல்லித்தான் தெரியும். வீட்டிலிருந்தபடியே டிரெய்னரில் மிதித்து நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு 2020 டிசம்பரிலிருந்து உலக சாம்பியன் பட்டமே இருக்கிறது. அந்த உலகத்தில் கருவியின் எண்ணை மட்டும் நம்புவதில்லை, இரண்டாவது கருவியிலும் பதிவு செய்து காட்டச் சொல்லும் பந்தயங்கள் உண்டு. மெடலுக்கு அந்தக் கவனம் உண்டென்றால், நோயாளிக்கும் வேண்டும்.

என் கேள்வி சட்டம் சார்ந்ததும்கூட. 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் எடையளவுச் சட்டம் வியாபாரத்துக்கு மட்டும் வந்த சட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதில் இன்னொரு சொல்லும் உண்டு, 'பாதுகாப்பு'. ஒரு கருவி காட்டும் அளவைப் பார்த்து ஒரு மனிதரின் நலத்துக்கான நடவடிக்கையை முடிவு செய்கிறோம் என்றால், அந்தப் பயன்பாடும் சட்டத்தின் கண்ணில் படும். அதனால்தான் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்கும் ரத்த அழுத்தமானிக்கும் விதிகளில் இடம் இருக்கிறது. 80 வாட்டைத் தாண்டாதே என்று ஒரு சிகிச்சையாளர் சீட்டு எழுதும்போது, அந்த வாட்டைக் காட்டும் கருவி எந்த வரிசையில் நிற்கிறது என்று துறை யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வீடு வீடாக ஏறி டிரெய்னருக்கு ஈய முத்திரை அடிக்கச் சொல்லவில்லை. அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். நான் கேட்பது சின்ன விஷயம். திரையில் வாட் ஓடும் இடத்திலேயே, இந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற தேதியும் இருக்கட்டும். கேலிப்ரேஷனைத் தவிர்த்துவிட்டு ஓட்டினால் எண்ணின் நிறமாவது மாறட்டும். எங்கள் முத்திரையில் வருஷமும் காலாண்டும் இருக்கும், தராசைப் பார்க்கும் எந்தப் பொதுஜனமும் அது பழைய முத்திரையா புது முத்திரையா என்று அறிந்துகொள்ளலாம். ஒரு தராசின் ஓரத்தில் உளியால் அடித்துச் செய்ய முடிந்த காரியத்தை, இத்தனை பெரிய திரையில் செய்ய முடியாதா? பிழை வரம்பைப் பெட்டியின் மேல் அச்சடியுங்கள். காற்று எவ்வளவு, குமிழ் எத்தனைச் சுற்று என்பதைக் கருவியின் சட்டத்திலேயே ஒட்டுங்கள். எங்களுக்கு வந்த கையேட்டில் ஐரோப்பிய மொழிகள் வரிசையாக இருந்தன, தமிழ் இல்லை. இந்தக் கருவி கோயம்புத்தூரில் விற்கிறது என்றால் கோயம்புத்தூர்க்காரருக்குப் புரியும்படி ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். விற்கும் கடைக்காரர்கள் மாட்டிக் கொடுத்துவிட்டு, "வாரம் ஒருக்கா காத்து பாருங்க, சூடானப்புறம் கேலிப்ரேஷன் பண்ணுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அதற்குப் பைசா செலவில்லை.

32 வருஷத்தில் நான் பிடித்த தப்பு அளவுகளில் பெரும்பாலானவை மோசடி இல்லை. ஒரு எடைமேடை நினைவில் இருக்கிறது. லாரிக்கு லாரி எடை மாறுகிறது என்று ஒரு தேங்காய் வியாபாரி புகார் கொடுத்தார். உரிமையாளர் நல்ல மனிதர், கையெடுத்துக் கும்பிட்டார். மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தால், மழையில் அடித்துவந்த சேறு காய்ந்து, ஒரு மூலையில் கல்லோடு கெட்டியாகி, மேடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாலு மூலையிலும் ஒரே எடையை வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மேடைக்கு மேலே இருந்த மின்னணுத் திரை மட்டும் பளிச்சென்று எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. அதனால் மனிதரைச் சந்தேகப்படுவதற்கு முன் கருவியைப் பார்ப்பதும், கருவியைச் சந்தேகப்படுவதற்கு முன் அதன் கீழே குனிந்து பார்ப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இப்போது மாடியில், டிரெய்னருக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, காற்று, குமிழ்ச் சுற்று, அறையின் வெப்பம், ஓய்வு நொடி என்று ஐந்து கட்டம். மின்விசிறி வைக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்திருக்கிறேன், ஏனென்றால் காற்று நேராக டயரில் பட்டால் டயர் குளிர்ந்து நொடி மாறுகிறது. இது ஐந்தாவது நாள் நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தது. அவள் வேலைக்குக் கிளம்புமுன் எழுதிவிட்டுப் போகிறாள், நான் சாயங்காலம் பார்த்து ஒரு கோடு போடுகிறேன். வீக்கம் வடிந்துவிட்டது. கார்த்திகை கடைசியில் பிசியோ அம்மா 95 வாட் வரை போகலாம் என்றார். சரிபார்த்த 95.

அந்த நோட்டை அவரிடமும் காட்டினோம். புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "எங்க கிளினிக்ல இருக்கற சைக்கிளை நாலு வருஷமா யாரும் பாக்கலைங்க சார்" என்றார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம், நோயாளிகள் போன பிறகு வரச் சொல்லியிருக்கிறார். பெடல்காரரிடம் மறுபடி இரவல் கேட்டிருக்கிறேன். அடிபம்பு, ஸ்பிரிட், ஸ்டாப்வாட்ச், ஒரு புது நோட்டு எல்லாம் பழைய ஆபீஸ் பையில் எடுத்து வைத்தாயிற்று.